சுலோச்சனா திருப்பிக் கொடுத்த போன்

"டீச்சர், இந்தப் போன் எனக்கு வேணாம். எடுத்துக்குங்க."

வகுப்பு தொடங்கும் முன்பே வந்து, போனை என் மேஜையில் வைத்தாள் சுலோச்சனா. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ் வேலை அவளுக்கு. இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டால் வெளிநாட்டுக்காரர்கள் வரும் கவுன்ட்டருக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்காகவே எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் சேர்ந்தவள்.

செல்போனில் நெட் வந்த புதிது அது. சென்னைக் கம்பெனி ஒன்று எங்களிடம் சில போன்களைக் கொடுத்து, மாணவர்களிடம் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. பக்கத்தில் எந்த செல்போன் டவர் இருக்கிறது என்று பார்த்து, போனில் வரும் வெப் பாடம் தானாக மாறும். கடைப் பக்கம் போனால் வியாபாரப் பேச்சு. பஸ் ஸ்டாண்டில் பயணப் பேச்சு. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. சுலோச்சனாவும் ஆசையாகத்தான் வாங்கிப் போனாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு, ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ராத்திரி எங்க வீட்டுக்காரர் சும்மா போனை எடுத்துப் பார்த்தாரு. பகல்ல வந்த பாடமெல்லாம் அதுல அப்படியே இருக்குது; டாக்டர்கிட்ட எப்படிப் பேசணும்னும் ஒண்ணு நிக்குது. எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன, யாரைப் பார்த்தன்னு ஒரே கேள்வி."

அவளுக்கு ஏற்கெனவே ஒரு கரு கலைந்திருந்தது. இந்த முறை டாக்டர் உறுதியாகச் சொன்ன பிறகே வீட்டில் சொல்ல நினைத்திருந்தாள்.

"நல்ல சேதிதான் டீச்சர். ஆனா அதை நான் சொல்லணும். மெஷின் சொல்லிட்டுது."

போனை எடுத்து மேஜை டிராயரில் வைத்தேன்.

விஷயம் பரவி, மற்ற பெண்களும் ஒவ்வொருவராகப் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். சென்டர் உரிமையாளர் சலித்துக்கொண்டார். "இவங்களுக்கு டெக்னாலஜின்னாலே பயம்மா. எல்லாத்தையும் பேக் பண்ணி அனுப்பிடுங்க."

"பயம் இல்ல சார். இதுல நியாயம் இருக்குது. ஒரு வாரம் டைம் கொடுங்க" என்று கேட்டு வாங்கினேன்.

அந்தப் பாடத்தை வடிவமைத்த இன்ஜினியர் நித்யாவை போனில் கூப்பிட்டேன். இளம்பெண். மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள். ஆனால் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"இடத்தைத் தானா கண்டுபிடிக்கிறதுதான் மேடம் இதுல புதுசே. அதை எடுத்துட்டா சாதாரணப் புத்தகம் மாதிரி ஆயிடும்."

வகுப்புக்கு வந்திருந்த சுலோச்சனா குறுக்கே கேட்டாள். "ஏம்மா, நீ எங்கெங்க போறேன்னு உன் போனு உங்க வீட்டுல சொல்லுமா?"

நித்யாவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்படிச் சொன்னா நானும் போனைத் தூக்கிப் போட்டுடுவேன்" என்றாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

நித்யாவும் சுலோச்சனாவும் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த வாரம் பாடம் மாறி வந்தது. திறந்ததும், 'இப்போது எங்கே இருக்கிறீர்கள்?' என்று தமிழில் கேட்கும். கடை, பஸ், கோயில் எனப் படிப்பவரே தேர்ந்தெடுக்கலாம். முடித்ததும் ஒரு பட்டனைத் தட்டினால் எதைப் பார்த்தோம் என்பதே அழிந்துவிடும். சுலோச்சனா போனை வாங்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

சில வாரம் கழித்து அவள் கடைக்குப் போயிருந்தேன். அவள் இருந்த சாதாரண கவுன்ட்டருக்கே வந்துவிட்ட ஒரு வெள்ளைக்காரத் தம்பதி முன்னால் புடவையை விரித்துக்கொண்டிருந்தாள். பார்டரைத் தனியாக நெய்து புடவையின் உடல் பகுதியோடு கோர்ப்பதைச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. "ஒன் மினிட்" என்று போனை எடுத்து, 'கடை'யைத் தட்டி, தேடிப் பார்த்துச் சொன்னாள். அந்த அம்மாள் குனிந்து பார்டரைத் தொட்டுப் பார்த்தார். முதலாளி கல்லாவிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தார். அந்த மாதமே அவளுக்கு கவுன்ட்டர் மாறியது.

அதற்குப் பிறகு வகுப்பறைக்கு எத்தனையோ புதுக் கருவிகள் வந்தன. இது என்னவெல்லாம் கற்றுக்கொடுக்கும் என்று விற்க வருபவர்கள் விளக்குவார்கள். படிப்பவரைப் பற்றி இதற்கு என்னவெல்லாம் தெரியும், அதை யாரிடம் சொல்லும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். நேரான பதில் கிடைத்த கருவியை எங்கள் மாணவர்கள் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.