ஓடில் மிஷோ மூடி வைத்த வால்வு

எங்கள் ஏரியைச் சுற்றியிருக்கும் வீடுகளில் பாதிக்கு ஆள் கிடையாது. பாஸ்டன்காரர்களும் கனெக்டிகட்காரர்களும் கோடையில் பத்து நாள் வந்து படகு ஓட்டுவார்கள். மீதி நாளெல்லாம் வீட்டை ஓடில் மிஷோவின் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களுக்கு எண்ணெய் லாரி ஓட்டுகிறவன் நான். அவளை இருபது வருஷமாகத் தெரியும்.

முதலில் செருப்புத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தாள். அதை மூடியபோது அவளுக்கு முப்பத்து நாலு வயது. மற்றவர்கள் தெற்கே வேலை தேடிப் போனார்கள். இவள் பாய்லர் வேலை படிக்கப் போனாள். வகுப்பில் பதினோரு ஆண்கள். "காபி போட வந்தியா?" என்று முதல் நாள் கேட்டவன், பிற்பாடு இவளிடமே வேலைக்குச் சேர்ந்தான். இவளும் அவனைத்தான் தினமும் காபி வாங்க அனுப்பினாள்.

பிரெஸ்டன் ஹால்டேன் பதினாலு அறை வீடு கட்டினான். பிறர் தொழிலை எப்படி நடத்துவது என்று ஆலோசனை சொல்வது அவனுக்குப் பிழைப்பு. தரைக்கடியில் குழாய் ஓட்டி, பாய்லரின் வெந்நீரைச் சுற்ற விட்டு வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு. எங்கள் ஊரில் ஜனவரியில் மைனஸ் முப்பது போகும். மின்சாரம் நின்றால் பாய்லரும் நிற்கும்; குழாயில் வெறும் தண்ணீர் இருந்தால் உறைந்து வெடிக்கும். அதனால் ஓடில் அந்தத் தண்ணீரில் உறையாமல் காக்கும் திரவத்தைக் கலந்தாள். கிணற்றுத் தண்ணீர் புகுந்து கலவை நீர்த்துவிடக் கூடாது என்று, அது வரும் குழாயின் வால்வை மூடி அட்டை கட்டினாள்: 'திறக்காதீர்கள். அழுத்தம் குறைந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.'

நவம்பரில் நன்றி நவிலல் பண்டிகைக்கு வான்கோழி தின்ன வந்த ஹால்டேன் நிலவறைக்குப் போய் அழுத்தமானியைப் பார்த்தான். முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அட்டையைப் பிய்த்தெறிந்து வால்வைத் திறந்துவிட்டான். முள் ஏறியதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே ஓடிலை நிறுத்தினான். அவளுக்குப் பதிலாக வீட்டின் சூட்டை போனில் காட்டும் கருவி ஒன்றை மாட்டினான். அவளும் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

ஜனவரியில் பனிமழை பெய்து மின்கம்பிகள் அறுந்தன. மூன்றாம் நாள் நான் எண்ணெய் ஊற்றப் போனேன். ஹால்டேன் வீட்டு ஜன்னல்களில் உள்பக்கம் பனி படிந்திருந்தது. ஓடிலைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு வாசலிலிருந்தே அவனுக்கு போன் போட்டாள்.

"சார், உங்க வீட்ல மூணு நாளா கரண்ட் இல்ல. யார்கிட்டயாவது சாவி இருக்கா?"

"என் போன்ல பதினாலு டிகிரி காட்டுதே."

"அது கரண்ட் போறப்ப காட்டினது. அதுலயே நின்னுபோச்சு."

"ஓடில், வேலை போன கோவத்துல ஏதாவது சொல்லாதீங்க. முதல்ல என் இடத்தை விட்டு வெளிய போங்க. போலீஸக் கூப்பிட வெச்சிடாதீங்க."

அவள் போனைப் பையில் போட்டாள். "அவன் கையில போன் கதகதன்னு இருக்கு. வீடும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டான். வா, போலாம்."

மறுநாள் மின்சாரம் வந்தது. பாய்லர் ஓடி, வெடித்த குழாய்களில் பனி இளகியது. திறந்து கிடந்த வால்வு வழியாகக் கிணற்று மோட்டார் ஓயாமல் தண்ணீரை இறைத்தது. மேல்தளக் குழாய்களும் பிளந்திருந்ததால் கீழறைகளின் உட்கூரைப் பலகைகள் பெயர்ந்து விழுந்தன. வாசற்படி வரை வழிந்த தண்ணீர் அங்கேயே பாறையாக உறைந்தது.

ஹால்டேன் மனைவி கோரினோடும் காப்பீட்டு நிறுவனத்துப் பெண்ணோடும் வந்தான். ஓடிலின் கலவை சரியில்லை என்று எழுத்திலேயே குற்றம் சாட்டியிருந்தான். அதனால் அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள்; நானும் கூடப் போனேன். ஓடில் உடையாமல் இருந்த ஒரு குழாயிலிருந்து நாலு சொட்டு எடுத்துச் சோதனைக் கருவியில் விட்டாள்.

"நான் வெச்சது மைனஸ் முப்பத்தஞ்சு வரைக்கும் உறையாது. பாய்லர் மேலேயே தேதி போட்டு எழுதியிருக்கேன். இது மைனஸ் ஆறுக்கே உறைஞ்சிடும். யாரோ தண்ணி விட்டிருக்காங்க."

காப்பீட்டுப் பெண் கேட்டாள். "வால்வைத் திறந்தது யாரு?"

"அது தானா லீக் ஆகியிருக்கும்" என்றான் ஹால்டேன்.

கோரின் கையுறையைக் கழற்றினாள். "நீதானே தொறந்தே, பிரெஸ்டன். 'இவ்வளவு சின்ன வேலைக்கு ஒரு பொம்பளை தேவையா'ன்னு சாப்பாட்டு மேசையில எல்லார்கிட்டயும் பெருமையடிச்சியே."

அவன் முகம் சிவந்தது. காப்பீட்டுப் பெண் எழுதுவதை நிறுத்தவில்லை. வெட்கம் இருக்கிற மனிதன் அத்தோடு காரில் ஏறியிருப்பான். இவன் ஓடில் பக்கம் திரும்பி, "சரி, எப்ப சரி பண்ணித் தருவீங்க?" என்றான்.

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

ஊரில் வேறு யாரும் அந்த வேலையைத் தொடவில்லை. கோடையில் வீட்டைக் கிடந்த நிலையிலேயே விற்றான். வாங்கியவர்கள் இரண்டு பள்ளி ஆசிரியைகள். அவர்களுக்காக ஓடில் ஆறு வாரம் மண்டியிட்டு ஒவ்வொரு குழாயாக மாற்றிக் கொடுத்தாள். ஹால்டேன் இப்போது ஃப்ளோரிடாவில் பெரிய படகு வாங்கியிருக்கிறானாம். அதைப் பார்த்துக்கொள்கிற ஆளை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.