விளக்குத்தூணில் போன செருப்பு

பாண்டியர் தலைநகரம் மதுரை என்று ஆறாம் வகுப்புப் பாடத்தில் படித்த நாளிலிருந்து, அங்கே கூட்டிப்போகச் சொல்லி அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், பங்குனிப் பொங்கலுக்கு லீவு விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மதுரை ஒரே ஊர் இல்லை, பல ஊர்கள் சேர்ந்தது என்று அன்றுதான் தெரிந்தது. வெங்கலக்கடைத் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பித்தளைப் பானைகள். புது மண்டபத்தில் தூண்களில் செதுக்கிய யாளிச் சிலைகளுக்குக் கீழே உட்கார்ந்து தையல்காரர்கள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் ரசிக்கவிடாமல் அம்மா ஒரு காரியம் செய்தாள். ஒவ்வொரு கடை வாசலிலும் செருப்பைக் கழற்றினாள்.

கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. செருப்பில் ஒட்டிய ஒரு மணல் துகள் உரசினாலும் தீப்பிடித்துவிடும். பத்து வருடப் பழக்கத்தில், வாசலைக் கண்டாலே அவள் கால் தானாகச் செருப்பை உதறிவிடும். "செருப்போடயே வாங்கக்கா" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு, அடுத்த கடையிலும் கழற்றுவாள். எனக்கு மானம் போனது.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் என் வயதுப் பெண்ணொருத்தி என்னோடு நன்றாகப் பேசினாள். வெளியே வந்தால் அம்மாவின் செருப்பைக் காணோம். அம்மா குனிந்து, படியில் கிடந்த செருப்புகளையெல்லாம் புரட்டித் தேடினாள். போவோர் வருவோர் சிரித்தார்கள். கூடவே வெளியே வந்த அந்தப் பெண் என் காதருகே கேட்டாள்: "அது ஒங்க அம்மாவா?"

"இல்ல, எங்க ஊருக்காரங்க" என்றேன்.

அம்மா நிமிர்ந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இன்றும் அந்த வார்த்தையை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நாயக்கர் மகால்வரை நடந்தாள். வேறு செருப்பு வாங்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மகாலில் ஒரு தூணோரம் குளிர்ந்த தரையில் காலை வைத்தவள், "நீ போயி எல்லாத்தையும் பாத்துட்டு வா. நான் இங்கன நிக்கேன்" என்றாள். நான் ஓடி ஓடித் தூண்களைக் கட்டிப்பிடித்து அளந்துகொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கையிலிருந்த பெண்மணி எனக்கு முறுக்கு கொடுத்துவிட்டு, "மகளா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"இல்லக்கா. எங்க ஊருப் பிள்ள. மதுரையப் பாக்கணும்னு சொல்லுச்சு, கூட்டியாந்தேன்."

திட்டு விழுமோ என்று அதுவரை பயந்துகொண்டிருந்த எனக்கு உயிர் வந்தது. அம்மாவும் விளையாட்டில் சேர்ந்துகொண்டாள் என்று நினைத்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தேன்.