சவுக்குச் சருகுக்குள்ள மஞ்சக் கலர்

1. மரியா குறுக்க வந்தது

"வண்டிய நிப்பாட்டுங்கக்கா! நிப்பாட்டுங்க!"

டிராக்டர் சத்தத்துல எனக்கு மொதல்ல கேக்கல. ரேக்கோட பல்லு நெலத்துல ஒழுங்கா உக்காந்திருக்குதான்னு பின்னால திரும்பிப் பாத்துட்டிருந்தேன். முன்னால திரும்புனா, மரியா ரெண்டு கையையும் தூக்கிட்டு வண்டிக்குக் குறுக்க ஓடி வர்றா. அந்தக் கம்பெனி கிரெச்சுல புள்ளைங்களப் பாத்துக்கிறவ அவதான். கிளச்சையும் பிரேக்கையும் ஒண்ணா மிதிச்சேன்.

"ஏன் மரியா, சாகோணும்னு ஆசையா? ஓடுற வண்டிக்கு முன்னால இப்புடியா வந்து உழுவாங்க?"ன்னு வஞ்சேன்.

"ஒரு புள்ளயக் காணலக்கா. கிரெச் கேட்டு லேசாத் தொறந்து கெடக்கு. இங்ஙனதான் எங்கயோ வந்திருக்கு."

அவளுக்கு மூச்சு வாங்குச்சு. நான் எஞ்சின ஆஃப் பண்ணுனேன். சத்தம் அடங்குனதும் சவுக்கு மரம் காத்துல இரையிறது மட்டும் கேட்டுச்சு. நான் சட்டுன்னு திரும்பி மூலையில இருந்த குவியலப் பாத்தேன். ஏன்னா மரியா வர்றதுக்கு சித்த முன்னாடிதான் ஒரு வரிசைச் சருக மொத்தமா இழுத்துக் குவிச்சிருந்தேன்.

2. அங்க என்ன வேலை

புதுசா ரேக் மாட்டிக்கிட்டு கம்பெனி வேலைக்கு வர்ற பசங்களுக்காகத்தான் இதச் சொல்றேன். அதனால வேலை எப்புடின்னு மொதல்ல சொல்லிடறேன்.

எனக்கு ஊரு குண்டடம் பக்கம். என்ற ஊட்டுக்காரருக்கு முதுகு போனதுக்கப்புறம் வண்டி சும்மா நின்னு துருப்புடிக்குதேன்னு நானே ஏறி உக்காந்தேன். "பொம்பள டிராக்டர் ஓட்டறா பாரு"ன்னு சிரிச்சவங்க காட்டையும் நாந்தான் ஓட்டிக் குடுத்தேன். உழுது போட்ட காட்டுல கோரையையும் குப்பையையும் வாரறதுக்கு வாங்குனதுதான் இந்த ரேக்கு. டிராக்டருக்குப் பின்னால மூணு பாயிண்ட்ல மாட்டறது. பெரிய சீப்பு மாதிரி வளைஞ்ச பல்லுங்க. லீவரத் தட்டுனா எறங்கும், தூக்குனா ஏறும். மழை பொய்ச்சு காட்டு வேலை கொறைஞ்சப்ப பனியன் கம்பெனிக்காரங்க கூப்பிட ஆரம்பிச்சாங்க. காம்பவுண்டு சுத்தியும் மரம் வச்சிருக்காங்கல்ல, அந்தச் சருகு வாரோணும்.

இது நடந்தது வேலம்பாளையத்துக்கு அக்கட்டால இருக்கிற ஒரு கம்பெனி. பின் காம்பவுண்டு பூராவும் சவுக்கு. சவுக்குச் சருகப் பாத்திருப்பீங்க, ஊசி ஊசியா உதுந்து மெத்தை மாதிரி கெடக்கும். காஞ்சுதுன்னா ஒரு பீடித் துண்டு போதும். அதுவும் அங்க பக்கத்துலயே கட்டிங்ல மிஞ்சற வேஸ்ட் துணி போடற செட்டு. மேனேஜர் நவீன் தம்பி காலையிலயே கேட்டுக்கு வந்து நின்னுட்டிருந்தாரு.

"ஈஸ்வரியக்கா, நாளைக்கு ஃபயர் ஆடிட்டுங்க, தீப் பாதுகாப்பு பாக்க வர்றாங்க. தீப்புடிச்சா ஆளுங்க வந்து நிக்கிற எடமே இதுதான். அதச் சொல்ற போர்டே சருகுக்குள்ள முங்கிக் கெடக்குது. மத்தியானத்துக்குள்ள தரை தெரியோணும்ங்க."

"தரை தெரியும் தம்பி. மழ பேஞ்சு ஈரமா இருந்தாத்தான் ஒட்டும். இது காஞ்சு கெடக்குது, வந்துரும்."

மொதல்ல ரேக்க சாய்ச்சு வச்சு நீளவாக்குல சால் சாலா ஓட்டோணும். சருகு ஒரு பக்கமா ஒதுங்கி வரப்பு மாதிரி வரிசை கட்டி நிக்கும். அப்புறம் ரேக்க நேராக்கி, அந்த வரிசைய ரெண்டு சக்கரத்துக்கும் நடுவால விட்டு ஓட்டுனா அப்படியே வாரிட்டு வந்து ஒரு மூலையில குவிச்சிரும். காலையில வரிசை கட்டறத முடிச்சுட்டேன். டீ டைம் வந்துச்சு, வண்டிய ஆஃப் பண்ணிட்டு கேண்டீனுக்குப் போனேன். வந்து மொத வரிசைய இழுத்தேன். ரெண்டாவது வரிசைக்கு வண்டியத் திருப்பி, மூக்க நேர் பண்ணி, ரேக்க எறக்குனப்பத்தான் மரியா குறுக்க வந்தது.

இன்னொண்ணையும் சொல்லோணும். அந்த வாரம் அந்தக் கம்பெனியில மஞ்சக் கலர் ஓடிட்டிருந்துச்சு. நம்ம ஊர்ல அப்படித்தான் சொல்றது. எந்த ஆர்டர் போகுதோ அந்தக் கலர் துணிதான் கட்டிங்ல, டைலர் மடியில, செக்கிங் டேபிள்ல, எங்க பாத்தாலும். வேஸ்ட் மூட்டைய நாய் கிழிச்சு விட்டிருந்துச்சு. ஆடிக் காத்து அந்தத் துண்டையெல்லாம் அடிச்சுட்டு வந்து சவுக்குச் சருகுல சொருகி வச்சிருந்துச்சு. மொத ரெண்டு மூணு சால்ல எறங்கி எறங்கி எடுத்துப் போட்டேன், பல்லுல சுத்திக்கும்னு. அப்புறம் விட்டுட்டேன். எங்க பாத்தாலும் மஞ்சளாத் தெரிஞ்சா, கண்ணு அதத் தாண்டிப் போயிருது.

3. குவியலப் பிரிச்சது

மரியா சொன்னதக் கேட்டுட்டு நவீன் தம்பி ஓடி வந்தாரு.

"உள்ள எல்லாரும் தேடறாங்கக்கா. ஸ்டோரு, பேக்கிங், பாத்ரூம் எல்லாம் பாக்கறாங்க. எங்கயாவது துணிக் கட்டு மேல படுத்துத் தூங்கும். நீங்க ஓட்டிட்டே இருங்க, டைம் இல்லீங்க."

அவருக்குப் பின்னாலயே ஒரு பொண்ணு செருப்பில்லாம ஓடி வந்துச்சு. சுமித்ரா, ஒரிசாக்காரப் பொண்ணு, செக்கிங்ல வேலை. காணாமப் போனது அது பையன், குனு. நடை பழகி ஒரு வருசங்கூட ஆகல. அந்தப் பொண்ணு எல்லாரையும் உட்டுட்டு என்ற கையப் புடிச்சுக்கிச்சு.

"அக்கா, பாபு... என் பையன் பாத்தியா? மஞ்சா டிரெஸ். மஞ்சா பனியன் போட்டான் அக்கா."

அடக் கெரகத்தெ! கம்பெனியில ரிஜெக்ட் ஆன பீசுதான வேலை செய்யறவங்க புள்ளைங்களுக்கு உடுப்பு. எந்தக் கலர் ஓடுதோ அதுதான் அந்த வாரம் புள்ளைங்க மேல இருக்கும். நான் திரும்பி என்ற வரிசைங்களப் பாத்தேன். ஒவ்வொரு வரிசையிலயும் மஞ்சள். நான் இழுத்து வச்ச குவியல்ல மஞ்சள். ரேக்குப் பல்லுல ஒரு துண்டு சுத்திக்கிட்டு ஆடுது, அதுவும் மஞ்சள்.

அதுக்கு முன்னாடி வண்டி மேல இருந்து பயந்ததே இல்ல, வாய்க்கால் மேட்டுல சரிஞ்சப்பக்கூட. சாவிய உருவி இடுப்புல சொருகிக்கிட்டேன்.

"தம்பி, டீ டைமுக்கப்புறம் நான் ஒரு வரிசைய இழுத்துட்டேனுங்க. அந்தக் குவியலப் பிரிச்சுப் பாக்காம இந்த வண்டி நகராதுங்க."

அவரு வாயத் தொறந்தாரு, ஆடிட்டுன்னு சொல்லத்தான் வந்திருப்பாரு. அப்புறம் குவியலப் பாத்தாரு, ரேக்குப் பல்லப் பாத்தாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. நேராப் போயி மொத ஆளா முட்டி போட்டு உக்காந்தாரு.

வாட்ச்மேன் எங்கயோ இருந்து கவைக்கம்ப எடுத்துட்டு ஓடி வந்தாரு. நான் புடுங்கித் தூர வீசுனேன். "கையில எடுங்க! குத்துற சாமான் எதுவும் வேண்டாம். மேலாப்புல இருந்து அள்ளி அள்ளிப் பொறத்தால போடுங்க!"

சவுக்கு ஊசி கையில ஏறுது. ஒருத்தரும் கவனிக்கல. நவீன் தம்பி கழுத்துல தொங்குன ஐடி கார்டு சருகுல மாட்டி மாட்டி இழுத்துச்சு, அதப் புடுங்கி வீசுனாரு. மரியா அள்ளிக்கிட்டே, "மாதாவே, மாதாவே"ன்னு சொல்லிட்டிருந்தா. மஞ்சத் துணி கண்ணுல பட்டா எல்லாரும் அப்படியே நின்னுருவோம். நாந்தான் தொட்டு இழுப்பேன். வெறும் துண்டு. மறுபடி அள்ளுவோம். மறுபடி மஞ்சள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு தொண்டையில இருந்து ஒரு சத்தம் வரும் பாருங்க, அத என்னால சொல்ல முடியாது. இழுத்தது பனியன் கைத் துண்டா இருக்கும், இல்லீன்னா கழுத்துப் பட்டி. ஒரு தடவை முழுசா ஒரு சின்னக் கையே வந்துச்சு. தச்சு ரிஜெக்ட் ஆன கை, துணிக் கை. அதப் புடிச்சு இழுத்தப்ப நான் கண்ண மூடிக்கிட்டேன்.

தரை தெரிஞ்சுது. குவியல்ல புள்ள இல்ல.

அப்பாடான்னு உக்காந்தேன். ஆனா உக்கார முடியல, இன்னும் அத்தன வரிசை அப்படியே கெடக்குது. நவீன் தம்பி ஆளுங்களக் கூப்புட்டு, "எல்லாரும் எறங்கி வரிசையப் பிரிங்க"ன்னாரு. உள்ள இருந்து டைலருங்க, கட்டிங் மாஸ்டருங்கன்னு கூட்டமா ஓடி வர்றாங்க. எனக்கு அதுவும் பயம். சருகுக்குள்ள புள்ள படுத்திருந்து, இவங்க பதறிப் போயி மிதிச்சுட்டா?

"ஒருத்தரும் உள்ள எறங்கக் கூடாது! அங்கயே நில்லுங்க!"ன்னு போட்ட சத்தத்துல அத்தன பேரும் நின்னுட்டாங்க. மேனேஜரும் நின்னுட்டாரு.

4. ஆடாத துணி

நான் வண்டி மேல ஏறுனேன். ஓட்டறதுக்கில்ல, சீட்டு மேல ஏறி நின்னுட்டுப் பாக்கறதுக்கு. மேல இருந்து பாத்தா எல்லா வரிசையும் தெரியும். தெரிஞ்சுது, ஆனா எதப் பாக்கறது? அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு மஞ்சத் துணி. காத்து வேற வெரசா அடிக்குது. எல்லாத் துணியும் படபடன்னு ஆடுது. கண்ணு பூத்துப் போச்சு.

சுமித்ரா டயரப் புடிச்சுட்டுக் கீழ நின்னு என்ற மூஞ்சியவே பாத்துட்டிருக்குது. எனக்கு அழுகை முட்டிட்டு வருது. முருகா, ஒரு வழி காட்டுன்னு மனசுக்குள்ள கத்துனேன்.

அப்ப ஒரு பெரிய காத்து. வரிசை மேல கெடந்த சருகே எழும்பிப் பறந்துச்சு. துணியெல்லாம் ஒரு பக்கமாச் சாஞ்சு துடிச்சுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஆடல.

அது எங்க இருந்துச்சுன்னா, என்ற வண்டி மூக்குக்கு நேரா. நான் இழுக்கறதுக்காக நேர் பண்ணி வச்சிருந்த அதே ரெண்டாவது வரிசையில. உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள், மீதி பூராவும் சருகு மூடிக் கெடந்துச்சு. சீட்டுல உக்காந்து ஓட்டியிருந்தா பானெட்டு மறைச்சிருக்கும். நிச்சயமா தெரிஞ்சிருக்காது.

கீழ எப்புடி எறங்குனேன்னு எனக்கு நெனவில்ல. போயி மண்டி போட்டு, மெதுவாச் சருக ஒதுக்குனேன். வெதுவெதுன்னு ஒரு முதுகு. ஏறி எறங்குது. வாயில வெரலப் போட்டுட்டு மகாராசன் நல்லாத் தூங்கிட்டிருக்கான்.

தூக்குனதும் முழிச்சுட்டான். அத்தன பேரையும் பாத்துட்டு வீல்னு கத்துனான். அந்த அழுகை காதுல உழுந்தப்ப எனக்கு வந்த நிம்மதி இருக்குதே! சுமித்ரா அவன வாங்கி நெஞ்சோட அமுக்கிக்கிட்டு அங்கயே உக்காந்துருச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? திட்டுனேன். அவன, அவங்கம்மாவ, மரியாவ, நவீன் தம்பிய, ஒருத்தர் பாக்கியில்லாம வாய்க்கு வந்தபடி வஞ்சேன். வஞ்சு முடிச்சுட்டு டிராக்டருக்கு அந்தப் பக்கம் போயி, டயர்ல நெத்திய வச்சுட்டு அழுதேன்.

புள்ள வெளிய வந்தது எப்படின்னு பொறகு போயிப் பாத்தோம். கிரெச் கேட்டோட கொண்டி ஒடஞ்சு போயிருக்குது. நம்ம ஊர்ல எது ஒடஞ்சாலும் பனியன் துணிய வச்சுக் கட்டித்தான பழக்கம், பைப்பு, செடி, சைக்கிள் சீட்டுன்னு. அந்தக் கேட்டையும் அதுலயே கட்டி வச்சிருந்தாங்க. பனியன் துணி இழுத்தா இளகும். அவன் புடிச்சு இழுத்திருக்கான், சந்து விட்டிருக்குது, நுழைஞ்சு வந்துட்டான். வண்டி சத்தம் இல்லாத டீ நேரம், மெத்தை மாதிரி சருகு. படுத்துட்டான். காத்து சருகத் தள்ளி மூடிருச்சு, மிஷின் சத்தத்துலயே தூங்கிப் பழகுனவன் டிராக்டர் சத்தத்துக்கு முழிக்கல.

நவீன் தம்பி நின்னு அந்தத் துணிய அவுத்து, கையில சுருட்டி வச்சுக்கிட்டாரு. "இன்னைக்கே வெல்டரக் கூப்புடறேனுங்கக்கா"ன்னாரு. "சருகு கெடக்கட்டும். ஆடிட்டுல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்." நான் அன்னைக்கு அந்த வண்டியத் திரும்ப எடுக்கல. சாவி இடுப்புலயே இருந்துச்சு. வாட்ச்மேனும் நாலு ஆளுங்களும் கையாலயே வாரி முடிச்சாங்க.

5. கேட்டுல நான் கேக்கறது

ரொம்ப நாள் கழிச்சு அதே கம்பெனியில மறுபடி கூப்புட்டாங்க. மாட்டேன்னுதான் சொன்னேன். நவீன் தம்பி, "நீங்க வந்தாத்தான் எனக்குத் தைரியம்ங்க"ன்னு ரெண்டு தடவை போன் பண்ணுனதால போனேன். கிரெச் கேட்டு புது இரும்புக் கேட்டு. தாப்பாள் மேல, புள்ளைங்களுக்கு எட்டாது. நானும் போயி ஆட்டிப் பாத்தேன். மரியா, "எத்தன தடவ ஆட்டுவீங்க"ன்னு சிரிச்சா.

டீ டைமுல சுமித்ரா குனுவ இடுப்புல தூக்கிட்டு வந்துச்சு. நல்லா வளந்துட்டான். "ஆன்ட்டிக்கு நமஸ்தே சொல்லு"ன்னுச்சு. அவன் எங்கிட்ட வரல, டிராக்டரப் பாத்துக் கையக் கையக் காட்டுனான். ஊதாக் கலர்ல புதுப் பனியன் போட்டிருந்தான். கழுத்துல தையல் கொஞ்சம் கோணலா இருந்துச்சு.

நான் திரும்பி சவுக்கு மரத்தடியப் பாத்தேன். சருகுக்குள்ள அங்கங்க ஊதாத் துணி.

அந்தப் பொண்ணக் குத்தம் சொல்லி என்ன பண்றது? கெடைக்கிறதப் போட்டு விடுது, கடையில வாங்கிப் போடற சம்பளமா அது? அதனால மாத்திக்க வேண்டியது நாந்தான். டீ குடிக்க எறங்குனா, திரும்ப ஏறறதுக்கு முன்னாடி எல்லா வரிசையையும் ஒரு தடவை நடந்து பாக்கறேன். கண்ணுல படற துணி எதுவா இருந்தாலும் குனிஞ்சு கையால தொடறேன். கால்ல தட்டிப் பாக்கறதில்ல. அவசரப்படுத்தறவங்க இருந்தா சாவிய அவங்க கையில குடுத்து, "நீங்களே ஓட்டிக்குங்க"ன்னு சொல்லிடறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் வாங்குனதில்ல.

இன்னொண்ணும் செய்யறேன். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்டுல வண்டிய நிறுத்துவேன். செக்யூரிட்டி பேரு, நெம்பரு, எத்தன மணி நேர வேலைன்னு கேட்டு எழுதுவாரு. எழுதி முடிக்கட்டும்னு இருந்துட்டு நான் ஒரு கேள்வி கேப்பேன். வந்த புதுசுல அவங்களுக்குச் சிரிப்பா இருக்கும், சருகு வாரற அம்மிணிக்கு இது எதுக்குன்னு. பதில் சொன்னாத்தான் நான் வண்டிய உள்ள விடறது.

"ஏனுங்க, இன்னைக்கு உள்ள என்ன கலர் ஓடுது?"