மர்தாவியா துறைமுகத்தில் கேட்ட கேள்வி

இந்தோனேசியாவில், மக்காசார் நகரத்தில் என் புத்தகக் கடையில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசுவோம். மாதத்துக்கு ஒரு புத்தகம். எல்லாரும் படித்துவிட்டு வந்து மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் விதி. அந்த விதியிலிருந்து நாங்கள் விலக்கு அளித்திருந்தது மர்தாவியாவுக்கு மட்டும்.

அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். திரைச்சீலை தைக்கும் கடை ஒன்றின் பின்கட்டில், வாடிக்கையாளர் கண்ணில் படாமல், தையல் இயந்திரத்தின் முன்னால் பகலைக் கழிப்பவள். என் கடை ஜன்னலுக்குத் திரை மாட்ட வந்தாள். ஏணியிலிருந்து இறங்கியதும் அலமாரிப் பக்கம் போய் ஒரு புத்தகத்தை எடுத்தாள். மாலை வரை போகவில்லை. அப்படித்தான் எங்கள் கூட்டத்தில் சேர்ந்தாள்.

திக்குவாய் அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே உண்டு. முதல் எழுத்திலேயே உதடு பூட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். கைமுட்டியை மடக்கித் தொடையில் தட்டுவாள். தட்டத் தட்ட எப்போதோ ஒரு சொல் வெளியே விழும். எங்கள் ஊர்ச் சிற்றுந்தில் இறங்க வேண்டுமானால் 'கிரி' என்று குரல் கொடுத்தால் போதும், வண்டி நிற்கும். அவளுக்கு அந்தக் 'கி' வராது. வேறு யாராவது இறங்குகிற இடத்தில் தானும் இறங்கி, மிச்ச தூரத்தை வெயிலில் நடப்பாள். கூட்டத்தில் அவள் முறை வந்தால் தலையை ஆட்டுவாள். பிடித்தால் ஒரு மாதிரி, பிடிக்காவிட்டால் வேறு மாதிரி. எங்களுக்குப் புரியும்.

அந்த மாதம் எடுத்த புத்தகம், அதிர்ஷ்டத்தை நாமே உண்டாக்கிக்கொள்வது எப்படி என்பது பற்றியது. மஞ்சள் அட்டை. அட்டையில் கோட்டு போட்ட ஒருவர் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மருந்துக் கடை வைத்திருக்கும் லீலிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. "ஆறாம் அத்தியாயத்தைப் படிச்சிட்டு கடையில மேசைய இடம் மாத்திப் போட்டேன். வர்றவங்க முகம் இப்போ நேரா தெரியுது. நின்னு பேசுறாங்க, கூட ரெண்டு சாமான் வாங்குறாங்க. இதுக்குப் பேரு அதிர்ஷ்டம் இல்லன்னா வேற என்ன?"

"வியாபாரம்," என்றார் லுக்மான் சார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "இந்த ஆளு சொல்றது என்னன்னா, ஏழை ஏன் ஏழையா இருக்கான்? சரியா சிரிக்கல. அவ்வளவுதான். இருநூறு பக்கம்!"

"படியளக்கிறவன் அல்லா. இந்தக் கோட்டுக்காரன் யாரு நடுவுல?" என்றார் ஹாஜ்ஜா ரம்லா. ஆனாலும் அவர் புத்தகத்தில்தான் அதிகப் பக்கங்கள் மடிந்திருந்தன. லீலி அதைச் சுட்டிக்காட்டியதும், "தப்பு எங்கெங்க இருக்குன்னு பாக்க வேண்டாமா?" என்று ஒரு வெட்டு வெட்டினார்.

பேச்சு மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்தது. தினமும் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசு, உனக்கு என்ன வேண்டுமோ அதை வாய்விட்டுச் சொல் என்று அதில் இருந்தது. லுக்மான் சாருக்குக் கோபமே வந்துவிட்டது.

"வாய்விட்டுச் சொல்லணுமாம்! இந்த ஆளு நம்ம மர்தாவியாவப் பாத்திருக்கானா? இவங்கள மாதிரி இருக்கிறவங்களுக்கெல்லாம் அதிர்ஷ்டமே கெடையாதா அப்போ?"

அவளுக்காகப் பரிந்துதான் அவர் அப்படிச் சொன்னார். ஆனால் அவள் முகம் சிவந்துவிட்டது. சூடான இஞ்சிப் பானமான சராப்பாவைப் பாதிக் கோப்பையோடு வைத்துவிட்டு, புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். "நான் என்ன தப்பா சொல்லிட்டேன் வஹிதாக்கா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

பிறகு நடந்தவற்றை மர்தாவியா சொல்லியும் துறைமுகத்து ஆட்கள் சொல்லியும் தெரிந்துகொண்டேன். கடைசியில் நடந்ததை நானே பார்த்தேன்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, எங்களிடமும்கூட. ஷம்சீர் என்று ஒரு அண்ணன் இருந்தான். இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. போனே நகருக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊரிலிருந்து, கடல் தாண்டி மலேசியாவின் சபாவுக்குப் பனைத் தோட்ட வேலைக்குக் கள்ளப் படகில் போனவன். அவன் போன பிறகு அப்பா இறந்தார், வீடு கைமாறியது, தாயும் மகளும் மக்காசாருக்கு வந்துவிட்டார்கள். அவன் எழுதியிருந்தாலும் கடிதம் போய்ச் சேர முகவரி இல்லை. அம்மா கண்ணை மூடும்போதும் வாசலைப் பார்த்தபடிதான் போனாளாம்.

மறுநாள் காலை மர்தாவியா துறைமுகத்துக்குப் போனாள். சபா எல்லையில் இருக்கும் நுனுக்கானிலிருந்து வரும் கப்பலில்தான் சபாவில் வேலை செய்கிறவர்கள் ஊர் திரும்புவார்கள். வாசலருகே சுமைக்கூலிகளின் தலைவர் டாயெங் நஸ்ஸா உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. கழுத்து புடைத்தது, கண் செருகியது, தொடையில் முட்டியால் தட்டிக்கொண்டே நின்றாள். அவர் பதறிப்போனார்.

"டேய், தண்ணி கொண்டாங்கடா! இந்தம்மாவுக்கு வலிப்பு வருது!"

அவளைப் பிடித்து உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, கையில் ஒரு சாவிக் கொத்தையும் திணித்துவிட்டார்கள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் சொல்லி முடித்தாள்: "அண்ணனத் தேடுறேன். பேரு ஷம்சீர். ஊரு போனே பக்கம்."

நஸ்ஸாவுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்திலேயே அவளோடு ஒட்டிக்கொண்டார். "இவ்வளவுதானே? பேரச் சொல்லிட்டே, ஊரச் சொல்லிட்டே. நீ வீட்டுக்குப் போ தங்கச்சி. கப்பல் வந்தா எங்க பசங்க எறங்குற எல்லார்கிட்டயும் கேட்டுடுவாங்க. நீ எதுக்கு இப்படிக் கெடந்து சங்கடப்படணும்?"

அவள் தலையசைத்து மறுத்தாள். "நா... நானே கேக்கணும்."

"ஏன்?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

நஸ்ஸா இதை என்னிடம் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "புத்தகத்துல போட்டிருக்காம்! நான் என்னத்தச் சொல்ல?"

அதன்பிறகு கப்பல் வரும் காலையெல்லாம் அவள் அங்கே நின்றாள். கப்பல் வராத நாளிலும் யாரிடமாவது பேசினாள். இளநீர்க்காரி, சிற்றுந்து ஓட்டுநர், கப்பல் சமையல்காரர், பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி. சிலர் பொறுமையில்லாமல் நகர்ந்துவிடுவார்கள். சிலர் அவள் சொல்ல வருவதைத் தாங்களே முடித்துவைப்பார்கள், அதையும் தப்பாக. ஒருவன் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தான். அவனை நஸ்ஸாவின் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திக்கல் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் மழைக்காலம் வந்தபோது துறைமுகத்தில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. ஷம்சீர் என்ற பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் கூட்டத்துக்கு அவள் வழக்கம்போல வந்து, வழக்கம்போல தலையாட்டினாள். எங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் கப்பலிலிருந்து சுர்யானி என்று ஒரு பெண் இறங்கினாள். இடுப்பில் குழந்தை, தலையில் அட்டைப்பெட்டி, கையில் சோறு வடிக்கும் மின்பானை. மர்தாவியா அவளை நிறுத்தினாள். உதடு பூட்டிக்கொண்டது. முட்டியால் தொடையில் தட்டத் தொடங்கினாள்.

சுர்யானி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது.

நஸ்ஸாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "என்னம்மா இளிப்பு? ஒருத்தி கஷ்டப்பட்டுப் பேசுறா, ஒனக்கு வேடிக்கையா இருக்கா?"

"ஐயோ, இல்லண்ணே! கோவிச்சுக்காதீங்க. எங்க தோட்டத்துல ஒருத்தர் இருக்காரு, அச்சு அசலா இப்படித்தான். இதே மாதிரி வாயி பூட்டிக்கும், இதே மாதிரி தொடையில தட்டுவாரு. முட்டிய மடக்கி, பாருங்க, கட்டைவிரல உள்ள வச்சு. இவங்களும் கட்டைவிரல உள்ளதான் வச்சிருக்காங்க! அதான் எனக்கு..."

மர்தாவியாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அவரு பேரு ஷம்சீரா?" என்று நஸ்ஸா கத்தினார்.

"இல்லையே. அமாத். அமாத் மாமான்னுதான் பசங்க கூப்பிடும்."

நஸ்ஸாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் மர்தாவியா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தவள் விடவில்லை. சின்ன வயதில் ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்தபோது, சொல் சிக்கினால் தொடையில் தட்டு, கட்டைவிரலை உள்ளே வை, அப்போதுதான் வலிக்காது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான். அவனுக்கும் திக்குவாய். வீட்டில் இரண்டு பேரும் தட்டிக்கொண்டே பேசுவார்களாம், அம்மா மத்தளக் கச்சேரி என்று திட்டுவாளாம்.

தோட்டத்தில் யாருக்குத்தான் சொந்தப் பெயர்? காகிதம் இல்லாமல் போனவர்கள் வேறு யாருடைய காகிதத்திலாவது இருக்கும் பெயரோடு வாழ்வார்கள். இருபது வருஷமாக அவன் அமாத்.

நஸ்ஸாவின் ஆட்கள் தெளிவான குரலில் ஆயிரம் பேரிடம் 'ஷம்சீரைத் தெரியுமா' என்று கேட்டிருந்தாலும் ஆயிரம் பேரும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவள் வாயில் சிக்கி நின்ற அந்தப் பெயர் வெளியே வருவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. எதை மறைக்க அவள் இத்தனை வருஷம் பின்கட்டில் உட்கார்ந்திருந்தாளோ, அண்ணனுக்கு இருந்த ஒரே அடையாளம் அதுதான்.

சுர்யானி தோட்டத்தில் இருந்த தன் கணவனுக்குப் போன் செய்தாள். மறுநாள் சனிக்கிழமை. அன்று பிற்பகல் அமாத்தை அழைத்துவந்து பேசவைப்பதாக அவன் சொன்னான். தனியாகப் பேச மர்தாவியாவுக்குப் பயம். அதனால் என் கடைக்கு வந்தாள். அப்போதுதான் எங்களுக்கு முழுக்கதையும் தெரிந்தது. மேசை நடுவில் போனை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டேன்.

மணி அடித்தது. எடுத்தோம். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். இந்தப் பக்கம் மர்தாவியாவின் மூச்சு. லீலி, "இணைப்பு போயிடுச்சா?" என்று முணுமுணுத்தாள்.

அப்போது போனுக்குள்ளிருந்து கேட்டது. தொம், தொம், தொம். துணியின் மேல் முட்டி படும் சத்தம்.

மர்தாவியா மேசைக்கடியில் தட்டத் தொடங்கினாள். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அவள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஹாஜ்ஜா ரம்லா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கடைசியில் அந்தப் பக்கம் சொல் உடைந்து விழுந்தது.

"தாவி?"

அவளை அப்படிக் கூப்பிட்டவன் உலகத்தில் ஒருவன்தான். லுக்மான் சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றார். அரைமணி நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

காகிதங்களைச் சரிசெய்து, தூதரகத்தில் ஏறி இறங்கி, அவன் வருவதற்கு நோன்புப் பெருநாள் நெருங்கிவிட்டது. கப்பல் வரும் காலையில் நாங்கள் நாலு பேர் மர்தாவியாவுக்குத் துணையாகப் போனோம். துறைமுக வாசலிலேயே மலைத்து நின்றுவிட்டோம்.

அத்தனை கூட்டம். சுமைக்கூலிகள் எல்லாரும் சுத்தமான சட்டை போட்டிருந்தார்கள். சிற்றுந்துகள் வரிசையாக நின்றன. இளநீர்க்காரி கடையை மூடிவிட்டு வந்திருந்தாள். சீருடையில் அதிகாரி, துணிப்பொட்டலத்தோடு சுர்யானி, யார் யாரென்றே எனக்குத் தெரியாத முகங்கள். எல்லாரும் அவள் பேசியவர்கள். என் பக்கத்தில் நின்ற பழக்காரர், "எங்க பொண்ணோட அண்ணன் வர்றாரு," என்று என்னிடமே விவரம் சொன்னார்.

ஷம்சீர் இறங்கினான். நரைத்த தலை, வெயிலில் கருத்த முகம், பின்னால் மனைவி. தங்கையைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தான். இரண்டு பேருக்கும் வாய் பூட்டிக்கொண்டது. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தொடைக்குப் போயின.

அப்போது நான் கண்டதை வேறெங்கும் கண்டதில்லை. துறைமுகம் ஒரு நொடிகூட வாய் மூடாத இடம். நஸ்ஸா கையைத் தூக்கினார். தள்ளுவண்டிகள் நின்றன, கூவல் அடங்கியது, ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்தார்கள். அத்தனை பேரும், இரண்டு பேர் பேசி முடிப்பதற்காக, மூச்சு விடாமல் காத்துக்கொண்டிருந்தோம். யாரும் அவர்கள் சொல்லை முடித்துவைக்கவில்லை.

இத்தனை மாதம் போனில் கேட்கத் துணியாததை அவன் கேட்டான், "அம்மா?" என்று. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பெருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை மஞ்சள் புத்தகத்தை மறுபடி எடுத்தோம். லீலி, புத்தகம் சொன்னது சொன்னபடி நடந்தது என்றாள். "எந்தப் பக்கத்துல திக்கச் சொல்லியிருக்கான்?" என்றார் லுக்மான் சார். ஆனால் பழைய காரம் இல்லை. ஹாஜ்ஜா ரம்லா, சுர்யானியை அந்தக் கப்பலில் ஏற்றியது யார் என்று மட்டும் கேட்டார்.

பிறகு எல்லாரும் மர்தாவியாவைப் பார்த்தோம். அவள் தலையாட்டவில்லை. வாயைத் திறந்தாள். சராப்பா ஆறும்வரை காத்திருந்தோம்.

"மூணாம் அத்தியாயம் நல்லாருக்கு," என்றாள். பிறகு வெகுநேரம் தட்டி, "மத்ததெல்லாம் ஒரே இழுவை."

லுக்மான் சார் சிரித்த சிரிப்பில் கோப்பை கவிழ்ந்தது.

ஷம்சீர் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். மர்தாவியா இன்னமும் பின்கட்டில்தான் திரைச்சீலை தைக்கிறாள். நுனுக்கான் கப்பல் வரும் காலைகளில் மட்டும் அவள் அங்கே இருப்பதில்லை. கணவனைத் தேடுகிறவர்கள், மகனைத் தேடுகிறவர்கள் என்று இப்போது அவளிடம் வந்து பெயர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவள் கப்பல் படிக்கட்டருகே நின்று, இறங்குகிறவர்களிடம் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்கிறாள். இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். மிச்சப் பேர் இன்னும் கிடைக்கவில்லை.