வாடகைப் பத்திரத்தில் இரண்டாவது பெயர்

மாக்சீன் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தபோது அவளிடம் ஒரு கட்டில்கூட இல்லை. கெட்டில் ஒன்று, துணி மூட்டைகள், வயிற்றில் பிள்ளை. அவ்வளவுதான். வீட்டு வாரியத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்து வாடகைக்கு வாங்கிய வீடு அது. மாடியில் இரண்டு அறை, கீழே ஒரு கூடம், பின்னால் கையளவு புல்தரை. வந்த அன்றே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பார்த்தாள். நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "ஹில்டா, இதுல எந்தக் கதவ வேணும்னாலும் நான் சாத்திக்கலாம், இல்ல?" என்று கேட்டாள். பிறர் வீட்டு சோஃபாக்களிலேயே வளர்ந்த பெண் அவள்.

எங்கள் ஊர் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலிருக்கும் கிரிம்ஸ்பி. மீன்பிடிக் கப்பல்கள் குறைந்துபோனாலும் மீன் தொழிற்சாலைகள் இருந்தன. மாக்சீன் அங்கே ஹேடக் மீனைத் துண்டுபோட்டுப் பெட்டியில் அடுக்கும் வரிசையில் நின்றாள். அதே வரிசையில், எதிர்ப்பக்கம் நின்றவள் இவோன். இவோனின் தம்பிதான் கிரெய்க், மாக்சீனின் ஆள். தொழிற்சாலையிலிருந்து தெற்கே லண்டன்வரை மீன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

கிரெய்கை எனக்குப் பிடிக்கும் என்றுதான் சொல்லவேண்டும். கேட்காமலேயே என் வீட்டுக் கூரைத் தகரத்தைச் சரிசெய்து கொடுத்தவன். மகள் கெய்லி பிறந்ததும் லாரியை விட்டு இறங்கிய நேரமெல்லாம் அவளைத் தோளில் வைத்துக்கொண்டே திரிந்தான். ஒருநாள் மாக்சீனிடம் சொன்னானாம்: "எம் பொண்ணு இருக்கற வீட்டுல நான் என்ன விருந்தாளியா? எம் பேரையும் சேத்துடேன்." அவள் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. இருப்பதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அவனை வாரிய அலுவலகத்துக்கு அழைத்துப்போய்த் வாடகைப் பத்திரத்தில் தன் பெயருக்குக் கீழே அவன் பெயரைச் சேர்த்தாள். அன்று மாலை மூவரும் கடற்கரைக்குப் போய்ச் சிப்ஸ் தின்றுவிட்டு வந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர்களுக்கு அதுவே கல்யாணம் மாதிரி இருந்தது.

பிறகு குடி வந்தது. குடித்துவிட்டு லாரி ஓட்டியதில் உரிமம் போயிற்று. உரிமத்தோடு வேலையும் போயிற்று. வேலை இல்லாதவன் பந்தயக் கடைவாசலில் நின்றான். தோற்றுவிட்டு வரும் நாட்களில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவேயிருந்த சுவர் அதிர்ந்தது. நான் இரண்டு முறை போலீசைக் கூப்பிட்டேன். இரண்டு முறையும் மாக்சீன் வாசலில் நின்று, "டிவி சத்தம்ங்க" என்று சொல்லி அவர்களை அனுப்பினாள். ஒருநாள் தோள் எலும்பு முறிந்து கட்டோடு வந்தாள். படிக்கட்டுக் கம்பளத்தில் கால் தடுக்கிவிட்டது என்றாள். ஆஸ்பத்திரிக்கு அவளோடு போய்வந்த இவோனும் அதையேதான் சொன்னாள்.

ஒரு கோடையில் கிரெய்க் மதுக்கடைப் பெண் ஒருத்தியோடு போய்விட்டான். மாக்சீன் அழுதாள். ஒரு வாரம் போனதும் கூடத்துச் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள். பூட்டை மாற்றினாள். வாடகையைத் தன் சம்பளத்திலேயே கட்டிக்கொண்டு வந்தாள். கெய்லி பள்ளிக்கூடம் போனாள். அந்த வீட்டிலிருந்து சுவர் வழியே சிரிப்புச் சத்தம் கேட்ட காலம் அது. பத்திரத்தில் இன்னும் அவன் பெயர் இருக்கிறது என்பதை அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அந்த மதுக்கடைப் பெண் அவனைத் துரத்திவிட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் பையோடு வந்து கதவைத் தட்டினான். அவனிடமிருந்த பழைய சாவி புதுப் பூட்டில் சேரவில்லை. மாக்சீன் உள்ளிருந்தே சொன்னாள்: "போயிடு கிரெய்க். இங்க உனக்கு ஒண்ணும் இல்ல."

அவன் கத்தவில்லை. படியில் உட்கார்ந்து தானே போலீசைக் கூப்பிட்டான்.

வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர். அவர் முகத்திலேயே சங்கடம் தெரிந்தது. கிரெய்க் காட்டிய காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல உங்க ரெண்டு பேர் பேரும் இருக்கே. இவர வெளிய நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லம்மா. கோர்ட்டு உத்தரவு ஏதாவது இருக்கா?" என்றார்.

"இவன் போயி எத்தனை காலமாச்சு தெரியுமா? ஒரு பவுண்டு வாடகை கட்டல இவன்!"

"புரியுதும்மா. ஆனா நான் பாக்க வேண்டியது பேரத்தான்."

மாக்சீன் கதவைத் திறந்தாள். கிரெய்க் அவளைத் தாண்டி உள்ளே போனான். பையை மஞ்சள் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டிவியைப் போட்டான். "சுவருக்கு என்னடி கலர் அடிச்சிருக்க, வாத்துக்குஞ்சு மாதிரி?" என்றான். வாசலில் நின்றிருந்த என்னைத் தாண்டிப் போலீஸ்காரர் தன் காருக்குப் போனார்.

அதன்பின் அவன் சோஃபாவில் படுத்தான். கெய்லி தன் அறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கினாள். தொழிற்சாலையில் விஷயம் பரவ, மீன் வரிசையில் கேலி கிளம்பியது. "உன் ஆளு திரும்பி வந்து உக்காந்துட்டானாமே மாக்சீன்! சோஃபாவுக்காவது வாடகை வாங்குடி!" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எதிரே நின்ற இவோன் மட்டும் தலையைத் தூக்காமல் மீனை அறுத்துக்கொண்டிருந்தாளாம்.

மாக்சீன் வாரிய அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். அங்கே எங்கள் தெருவைக் கவனித்துக்கொண்ட அதிகாரி திருமதி ஓல்ட்ராய்ட் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"அவர் பேர நான் எடுக்க முடியாது மாக்சீன். அவரா சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும், இல்லன்னா கோர்ட்டு மாத்தணும். இன்னொண்ணும் சொல்லணும், பயந்துடாதீங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டக் காலி பண்றேன்னு எங்களுக்கு எழுதிக் குடுத்தா, வாடகை ஒப்பந்தம் ரெண்டு பேருக்குமே முடிஞ்சுபோச்சு."

"அவன் எழுதிக் குடுத்தா நானும் போகணுமா?"

"சட்டப்படி, ஆமா. மறுபடி உங்களுக்கே குடுப்போமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. சீக்கிரமா வக்கீலப் பாருங்க."

பேருந்தில் திரும்பும்போது மாக்சீன் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். அவன் பெயரை எழுதச் சொல்லிக் கூட்டிப்போனதே அவள்தான். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவளே சொன்னாள்: "நானே போயி எழுதிக் குடுத்தேன் ஹில்டா. சிரிச்சுக்கிட்டே எழுதிக் குடுத்தேன்."

அன்றிரவே கையெழுத்துப் போடும்படி அவனிடம் கேட்டிருக்கிறாள். அவன் சிரித்தானாம். "என்னைத் தொரத்தணும்னு பாத்தியா? ஒரே ஒரு காகிதம் நான் எழுதிக் குடுத்தா நீயும் தெருவுலதான். தெரியுமில்ல?" யாரோ பந்தயக் கடையில் அவனுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அதற்குமேல் அவள் காத்திருக்கவில்லை. மிஸ் ஃபென்விக் என்ற இளம் வக்கீல், வீட்டை மாக்சீன் பெயருக்கே மாற்றக் கேட்கும் வழக்கை எடுத்துக்கொண்டாள். வழக்கு முடியும்வரை கிரெய்க் அப்படி எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று முதலில் ஒரு தடை வாங்கினாள். வீட்டை விட்டு மட்டும் நகராதே என்று மாக்சீனிடம் சொன்னாள். அதனால் கெய்லி என் வீட்டில் படுத்தாள். மாக்சீன் அவனோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தாள். மீன் நாற்றத்தோடு வேலையிலிருந்து வந்து, மாடிக்குப் போய், கதவைச் சாத்திக்கொள்வாள். ஆசைப்பட்டு வாங்கிய வீட்டில் அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஓர் அறைதான்.

விசாரணை நாளில் நானும் சாட்சி. சுவர் வழியே கேட்டதையும் போலீசைக் கூப்பிட்டதையும் சொல்லிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் கிரெய்க் பக்கத்து சாட்சியாக இவோன் உள்ளே போனதைப் பார்த்தேன். தன் மனம் அந்த இடத்திலேயே விட்டுப்போயிற்று என்று மாக்சீன் பிறகு சொன்னாள். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கிரெய்க் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தனக்குப் போக்கிடமே இல்லை, அக்கா வீட்டில் இடமில்லை, இந்த வீட்டை எடுத்துவிட்டால் தெருவில்தான் படுக்கவேண்டும் என்று தானே சொன்னான். நீதிபதி ஒரு வயதான அம்மாள். இவோன் பக்கம் திரும்பினார்.

"உங்க தம்பி சொல்றது சரிதானா?"

இவோன் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். "இல்லங்கம்மா. என் வீட்டுல பின்னால ஒரு ரூம் இருக்கு. காலியாத்தான் கெடக்கு. இல்லன்னு சொல்லச் சொல்லித்தான் என்னைக் கூட்டிட்டு வந்தான்."

"அக்கா!" என்றான் கிரெய்க்.

"இருடா, முடிக்கல நான்." அவள் அவனைப் பார்க்காமலேயே பேசினாள். "அவ படிக்கட்டுல கால் தடுக்கி விழலங்கம்மா. இவன் புடிச்சுத் தள்ளினான். நான் கீழ நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரியில தடுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

கிரெய்க் மேசைமேல் கையை ஊன்றி எழுந்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"உன்னை நான் விட்டுடலடா," என்றாள் இவோன். "என் வீட்டுக்கு வா. சோறு போடறேன். ஆனா அந்த வீடு உன்னுது இல்ல."

இவோன் வெளியே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "சிகரெட் வெச்சிருக்கியா ஹில்டா?" என்றாள். நான் புகைப்பதில்லை. வெறுமனே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா செத்தப்ப அவனுக்கு ஷூ கட்டக்கூடத் தெரியாது," என்றாள். "நான்தான் கட்டிவிடுவேன். தெனமும்."

தீர்ப்பு மாக்சீன் பக்கம் வந்தது. வாடகை உரிமை முழுவதும் அவள் பெயருக்கே மாறியது. கிரெய்க் வெளியேற நாள் குறித்தார்கள். அவனை அழைத்துப்போக இவோன்தான் பேருந்தில் வந்தாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, அவள் கொஞ்சம் பின்தங்கி நடந்து போனாள். தெருவில் திரைச்சீலைகள் அசைந்தன. யாரும் வெளியே வரவில்லை.

புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போனபோது மாக்சீன் திருமதி ஓல்ட்ராய்டிடம் கேட்டாள்: "இனிமே இதுல யாரையாவது சேக்கணும்னா என்ன பண்ணணும்?"

"நீங்க கேட்டாத்தான் சேப்போம்."

"நான் கேட்டா, வீட்டுக்குப் போயி நல்லா யோசிச்சுட்டு வாடின்னு தொரத்தி விடுங்க."

இருவரும் சிரித்தார்கள். வெளியே வந்து படியில் நின்றபோதுதான் மாக்சீனுக்கு அழுகை வந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. காதலித்தவனின் பெயரை அடித்துவிட்ட காகிதம் அவள் கைப்பையில் இருந்தது.

இவோனுக்கும் அவளுக்கும் நடுவே எல்லாம் சரியாகிவிடவில்லை. "நன்றின்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது ஹில்டா," என்றாள் ஒருநாள். "அன்னைக்கு என் வாய மூடுனவளும் அவதானே." ஆனாலும் வரிசையில் எதிரெதிரே நின்றார்கள். ஒருநாள் இவோன் கத்தியில் கையை அறுத்துக்கொண்டபோது, முதலில் ஓடிப்போய்த் துணி சுற்றியவள் மாக்சீன். அதற்குப்பின் மதியச் சாப்பாட்டுக்கு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பேச்சு குறைவுதான்.

கிரெய்க் அக்கா வீட்டில் அவள் போட்டதைத் தின்றான், அவளோடு மட்டும் பேசவில்லை. மாதக்கணக்கில் அப்படி. அப்படியும் இவோன் தினமும் அவனுக்குத் தட்டு வைத்தாள். குடியை அவன் முழுக்க விட்டான் என்று சொல்லமாட்டேன், குறைத்தான். கடலில் காற்றாலை நடும் கம்பெனியின் துறைமுகக் கிடங்கில் இரும்பு அடுக்கும் வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் கெய்லி அத்தை வீட்டுக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். இவோன் கூடவே இருக்கவேண்டும் என்பது கோர்ட்டு வைத்த நிபந்தனை.

ஒரு சனிக்கிழமை இவோனும் அவனும் சேர்ந்து கெய்லியைக் கொண்டுவந்து விட்டார்கள். இவோன் தெருமுனையில் நின்றுகொண்டாள். அவன் வாசல் கேட் வரை வந்தான். நான் என் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கெய்லி உள்ளே ஓடிவிட்டாள். மாக்சீன் படியில் நின்றாள்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டான். அந்த வீட்டுக்குள் நுழைய அவன் கேட்டது அதுதான் முதல்தடவை.

"இல்ல கிரெய்க்."

அவன் கேட்டின்மேல் வைத்திருந்த கையை எடுத்தான். "சரி," என்றான். "அவளுக்கு இருமல் இருக்கு. ராத்திரிக்குச் சூடா ஏதாவது குடு."

"குடுக்கறேன்."

அவன் திரும்பி அக்கா நின்ற பக்கம் நடந்தான். மாக்சீன் அவன் முனை திரும்பும்வரை படியிலேயே நின்றிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஹில்டா, உங்ககிட்ட எலுமிச்சம்பழம் இருக்கா?" என்றாள். எடுத்துவர உள்ளே போனேன்.