செல்ஃபில் ஏறிய மேடு

காபி உள்ளே போகாமல் எனக்கே செல்ஃப் எடுக்காது. அதனால் வண்டிக்கு செல்ஃப் எடுக்கவில்லை என்று என் கணவர் முதலில் சொன்னபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் உறைத்தது. அவருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனபோதே கிக்கரை உதைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செல்ஃப் போனால் வண்டியை விற்க வேண்டியதுதான். திண்டுக்கல்லிலிருந்து சென்னீர்குப்பத்துக்குக் குடிவந்தபோது ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்த பழைய பைக் அது. அதைத் துடைக்கிற அக்கறையில் பாதியை ஜன்னல்மேல் காட்டினால் வீடு பளபளக்கும்.

குமணன்சாவடி மெக்கானிக் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்து, உள்ளே உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டைகள் தேய்ந்திருந்ததால் அவற்றை மாற்றி, புதுசாக்கிக் கொடுத்தார். பட்டனைத் தொட்டதும் எடுத்தது. சில வாரங்களிலேயே மறுபடி முனகல். பிரித்தால், புதுக் கார்பன் பாதிக்குமேல் தேய்ந்து உள்ளே எல்லாம் கரித்தூள். மறுபடி மாற்றினார். மறுபடி அதே கதை.

கோபம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. மட்டமான சரக்கைப் போட்டு ஏமாற்றுகிறாரா என்று கடைக்கே போய்க் கேட்டேன்.

"இன்னாக்கா இப்டி சொல்லிட்ட? நல்ல கார்பன்தான் போட்டுகீறேன். பேட்டரி பாத்தாச்சு, எர்த் ஒயர் மாத்தியாச்சு, உள்ள ஆயில் வர்தான்னும் பாத்தாச்சு. இன்னாவோ கீது, இன்னான்னுதான் புரில," என்றார் மெக்கானிக்.

இன்னொரு தடவை மாற்றிப் பார்ப்போம், இதுவும் போனால் விற்றுவிடலாம் என்று என் கணவர் சொன்னார். சொன்னவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை.

வண்டி திரும்பி வந்த மறுவாரம், ஒரு விடியற்காலையில் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். எங்கள் அடுக்ககத்தில் பார்க்கிங் தரைக்குக் கீழே இருக்கிறது. தெருவுக்கு வர ஒரு மேடு ஏற வேண்டும். அந்த மேட்டில் அவர் வண்டிமேல் உட்கார்ந்தபடியே ஏறிக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடவில்லை. கர்ர், கர்ர் என்று செல்ஃப் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. இன்ஜினை அணைக்கும் சிவப்பு ஸ்விட்சைப் போட்டுவிட்டு, முதல் கியரில் வைத்து, செல்ஃப் பட்டனை அமுக்கிப் பிடித்திருக்கிறார். இன்ஜினைக் கிளப்பிவிட்டு ஒதுங்க வேண்டிய குட்டி மோட்டார், ஆளையும் வண்டியையும் சேர்த்து தினமும் மேடேற்றியிருக்கிறது.

"என்னங்க பண்றீங்க?"

பட்டனை விட்டார். "ஸ்டார்ட் பண்ணினா முதல் மாடிக் குழந்தை எந்திரிச்சிரும்ல. ஆறு மணிக்கு முன்னாடி உள்ள ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு அசோசியேஷன்ல பேசியிருக்கு."

"எல்லாரும் தள்ளிக்கிட்டுத்தான போறாங்க?"

அவர் கை முழங்காலுக்குப் போனது. வலியே இல்லை என்று மாதக்கணக்கில் என்னிடம் சொல்லிவந்தவர்.

"சொல்லியிருந்தா நான் வந்து தள்ளியிருப்பேன்ல?"

"அதான் சொல்லல," என்றார்.

டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் போய் வண்டியைத் தள்ளினேன்.

அன்று மாலை முதல் மாடிக்குப் போய், காலையில் ஒரு நிமிஷம் இன்ஜின் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று குழந்தையின் அம்மாவிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"இன்ஜின் சத்தத்துக்கெல்லாம் இவன் அசைய மாட்டான்க்கா. விடிகாலைல கர்ர்னு ஒண்ணு இழுக்கும், தண்ணி மோட்டார் ரிப்பேர் போலன்னு நெனச்சோம். அதுக்குத்தான் தெனம் எந்திரிச்சு அழுவான்."

மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஸ்டார்ட் பண்றதுக்கு செல்ஃப் குட்த்தா, சாரு லிஃப்ட்டு மாதிரி ஏறிகினு கீறாரா?"

இப்போது பார்க்கிங்கிலேயே ஸ்டார்ட் செய்கிறார். கார்பன் தேயவில்லை, வண்டியை விற்கும் பேச்சும் இல்லை. நானும் காலையில் கீழே இறங்கி, பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேடு முடியும்வரை கூடவே நடக்கிறேன். இன்ஜின் ஓடும் வண்டியைத் தள்ள அவசியமே இல்லை. அவரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.