பழைய பட்டைத் தண்ணீர்

“…வெளிய தரக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லி வெச்சிட்டுப் போயிருக்காருபா. அத்த நான் ஒங்கிட்ட மறைச்சி இன்னா ஆவப்போவுது?” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கத்தியைக் கைலியில் துடைத்துக்கொண்டார் பாய்.

வாலாஜாபாத் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிடுகிறவர் அவர். வெளியே தரக்கூடாது என்று அவர் சொன்னது நகையையோ நிலத்தையோ அல்ல, தன் தொட்டியில் கிடந்த பழைய தண்ணீரை. ஆவாரம் பட்டையை இடித்து ஊறவைத்து, எத்தனையோ தோல்கள் குளித்தெழுந்த கறுப்புத் தண்ணீர். அது இல்லாவிட்டால் எங்கள் ஆறு மாட்டுத்தோலும் அழுகிவிடும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவை போனால் எங்கள் தொழிலும் அன்றோடு முடிந்தது.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தவன். அடுத்தவன் தொட்டியில் கை நனைத்தது போதும், நமக்கென்று ஒரு தொட்டி வேண்டும் என்று அறுபதுகளின் கடைசியில் கிளம்பினேன். செவிலிமேட்டைத் தாண்டி ஆற்றோரம் இடம் பிடித்து, நானும் என் மனைவியுமாக இரண்டு தொட்டி கட்டினோம். ஆவாரை அங்கே கேட்பாரில்லாமல் முளைத்துக் கிடந்தது. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற குடியானவர்களுக்குத் தண்ணீர்ப் பை தைக்கத் தோல் எப்போதும் வேண்டியிருந்தது. ஊரே பட்டு மடிக்கிறது, நீ மாட்டுத்தோல் மடிக்கப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தாள் அவள். சிரித்தவள்தான் உரலில் பட்டையும் இடித்தாள்.

முதல் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த நாளை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. மரக்கட்டைமேல் போட்டு மொண்ணைக் கத்தியால் தள்ளினேன். சோற்றுக் கஞ்சியின் ஆடைபோல மயிர் ஒதுங்கிக்கொண்டே போயிற்று. அடியில் அப்படி ஒரு வெள்ளை. ஆற்று ஊற்றில் அலசி, ஆளுக்கு ஒரு முனையாக வெயிலுக்கு எதிரே பிடித்தோம். உள்ளே நரம்பு ஓடிய தடமெல்லாம் இழை இழையாகத் தெரிந்தது. அவள் கண் அந்த இழைகளோடே ஓடியது. பிறகு மெதுவாக, “இத்த எந்தத் தறியில போட்டாங்கயா?” என்றாள். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். அப்படி ஒரு நெசவை நான் கண்டதில்லை.

அந்த மயக்கத்திலேயே தப்பும் செய்தேன். முதலில் நாலு ஆட்டுத்தோலைப் பட்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மெல்லிய தோல், நன்றாகவே வந்துவிட்டது. மிச்சத் தண்ணீரை மணலில் கொட்டினேன். சாயப்பட்டறையில் அதுதான் வழக்கம். சத்து இறங்கிய தண்ணீரை யார் வைத்திருப்பார்கள்? முதல் முக்கு புதுச் சாயத்தில், அப்போதுதான் நிறம் ஆழமாகப் பிடிக்கும். மாட்டுத்தோலுக்கும் அதே கணக்கில் புதுப் பட்டை இடித்துப் போட்டு, டிக்காக்ஷன் மாதிரி கெட்டியாக ஊற்றினேன். மூன்றே நாளில் தோல் தங்கமாக மின்னியது. ஆவாரம் பட்டை வெட்ட வண்டியோடு அந்தப் பக்கம் வந்த பாயை, பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் தோலைத் தட்டிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு விரற்கடை அறுத்து, அறுத்த வாயை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். மேலும் கீழும் பழுப்பாக இரண்டு கோடு. நடுவே பச்சைத் தோல் வெளுப்பாக அப்படியே இருந்தது.

“மேல தான்பா தோலு. உள்ள இன்னும் மாடு தான் இருக்குது.”

தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். கோபக்காரத் தண்ணீர் என்றார். எடுத்ததும் இதில் போட்டால் தோல் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளுமாம், உள்ளே ஒன்றும் இறங்காதாம். பல தோல் பார்த்துக் களைத்த தண்ணீரில்தான் முதலில் ஊறவேண்டும். அது மெல்ல உள்ளே போய் வழி பண்ணும், பிறகு நாளுக்கு நாள் கெட்டியாக்கலாம். மூன்று நாள்தான் ஆகிறது, களைத்த தண்ணீர் கிடைத்தால் இன்னும் பிழைக்கும் என்றார். தொட்டுப் பார்த்தே தண்ணீரின் குணத்தைச் சொல்கிற மனிதரை நான் அன்றுதான் கண்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பழைய தண்ணீருக்கு எங்கே போவார்கள் என்று என் மனைவி கேட்டாள். அவருடைய தொட்டி அவர் தாத்தா காலத்திலிருந்து ஒருநாளும் முழுக்க வற்றியதில்லையாம். எடுக்க எடுக்க ஊற்றிக்கொண்டே வந்த தண்ணீர். ஒரு குடம் வெளியே போனாலும் தொட்டியின் ராசி கூடவே போய்விடும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. போதாததற்கு, அவரிடம் தோல் வாங்குகிற அதே குடியானவர்களிடம்தான் நாங்களும் நாளை போய் நிற்கப்போகிறோம்.

“தண்ணி வேணாம் பாய்,” என்றாள் அவள். “வேற வழி எதுனா இருந்தா சொல்லிட்டுப் போங்க. ரெண்டு தோலாவது தேறட்டும்.”

பட்டைக் கறை ஏறிக் கறுத்திருந்த அவள் உள்ளங்கைகளை அவர் பார்த்தார். வேறு வழி இல்லை என்றார். அதற்குப் பிறகுதான் அப்பா சொல்லிவைத்ததைச் சொன்னார், கத்தியைத் துடைத்தார்.

அவர் எழுந்து சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் போனார். அங்கே கிடந்த இரண்டு மரப்பீப்பாய்களில் ஒன்றைச் சாய்த்து, உள்ளே தலையை விட்டு முகர்ந்தார். சுண்ணாம்பு வாடை இருந்திருக்கவேண்டும், முகத்தைச் சுளித்தார். இரண்டையும் ஊற்றுக்கு உருட்டிக்கொண்டு போய், மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மறுபடி முகர்ந்து, மறுபடியும் கழுவினார். பிறகு தன் வண்டியில் அடுக்கியிருந்த ஆவாரங்கட்டுகளில் பாதியை எங்கள் தொட்டியோரம் இறக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பீப்பாய்களை ஏற்றிக் கட்டினார்.